மரியாதைத் தராசு

(தொரப்பள்ளியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே! தாய்மார்களே! தோழர்களே!

இத்துடன் "அவர்களே"யை நிறுத்திக் கொள்ளுகிறோம். நமக்கு முன் பேசிய தோழர் மேடையிலிருக்கிற பதினான்கு பேரையும் பெயர் சொல்லி, பட்டம் சொல்லி, பதவி சொல்லி, "அவர்களே, அவர்களே" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த இரண்டு கிழவர்கள் தூங்கிப் போய்விட்டார்கள். அத்தோழர் பேரில் குற்றமில்லை. ஒரு பெயர் விட்டுப் போனால் அந்தப் பெயருக்குடையவர் அடுத்த கூட்டத்திற்கு நன்கொடை தரமாட்டார். பத்தாவதாகச் சொல்லவேண்டிய பெயரை மூன்றாவதாகச் சொல்லிவிட்டால், மூன்றாவது ஆசாமி கூட்டம் முடிகிற வரையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் நாமெல்லாம் சுயமரியாதைக்காரர்கள். அடுத்தவன் நம்மை மதிக்கிறானா என்று பார்ப்பதற்குப் பேர் சுயமரியாதையா என்று யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாய்த்தான் இருக்கும்.

ஆகவே, இன்றைய தினம் கடவுளைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. அந்தச் சங்கதிகளை நீங்கள் நிரம்பக் கேட்டிருக்கிறீர்கள். மரியாதை, மரியாதை என்று நம் மக்கள் சொல்லிக்கொள்ளுகிறார்களே, அது என்ன சரக்கு, எந்தத் தராசில் நிறுத்து எப்படி விற்கப்படுகிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தை சொல்லலாம் என்று வந்தோம்.

இந்தப் பக்கத்து மக்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. கீரை விற்கிற அம்மாள் மூன்று பாஷையிலும் பேரம் பேசுகிறாள், எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு பாஷையிலும் பேரம் பேசத் தெரிவதில்லை. மூன்று பாஷைக்கும் எத்தனையோ வித்தியாசம் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் மூன்றும் ஒற்றுமை. தமிழில் நீ, நீங்கள். தெலுங்கில் நுவ்வு, மீரு. கன்னடத்தில் நீனு, நீவு. வடநாட்டிலிருந்து ஆலை வேலைக்கு வந்திருக்கிற தோழர்களைக் கேளுங்கள். அவர்கள் பாஷையில் தூ, தும், ஆப் என்று மூன்று படி. எதிரே நிற்கிறவன் யார் என்று தெரியாமல் இவற்றில் எந்தப் பாஷையிலும் "வா" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வாயைத் திறக்குமுன் தராசை எடுத்தாக வேண்டும்.

வெள்ளைக்காரன் பாஷையில் எல்லோருக்கும் ஒரே "யூ"தானே, அதனால் அவன் சமத்துவக்காரன் என்று சிலர் சொல்லுகிறார்கள். ஏமாந்து போகாதீர்கள். வார்த்தையில் வைக்காத பேதத்தை அவன் கிளப்பு வாசலில் வைத்திருந்தான். ஆகையால் பாஷையின் பேரில் குற்றமில்லை. "நீங்கள்" நல்ல வார்த்தை. பெரியவரைப் பார்த்து, அறிமுகமில்லாதவரைப் பார்த்துச் சொல்லுவதில் யாருக்கும் ஆட்சேபணையில்லை. அதை யாருக்கு அளக்கிறோம், எதைப் பார்த்து அளக்கிறோம் என்பதுதான் கேள்வி.

வயதைப் பார்த்து அளக்கிறோம் என்பீர்கள். பொய். பண்ணைக்காரர் வீட்டுப் பத்து வயதுப் பையன் "டேய், இங்கே வாடா" என்று அறுபது வயதுக் கிழவனைக் கூப்பிட, அக்கிழவன் "இதோ வந்துட்டேன் சின்ன எஜமான்" என்று ஓடியதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அறிவைப் பார்த்து அளக்கிறோம் என்பீர்கள். அதுவும் இல்லை. கிணற்றில் மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவனுக்கு "நீ". அந்த மோட்டார் ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் பக்கத்தில் நிற்கிற வீட்டுக்காரருக்கு "நீங்க". பக்தியைப் பார்த்தா என்றால், உலகத்தைப் படைத்ததாகச் சொல்லுகிற கடவுளை நம் பக்தர்கள் "நீ" என்றும் "வாடா" என்றும் "கண் இல்லையா உனக்கு" என்றும் பேசுகிறார்கள். அதே பக்தர் தாசில்தார் ஆபீசுக்குப் போனால், வாசலில் இருக்கிற பியூனைப் பார்த்து "ஐயா, உள்ளே போகலாமுங்களா" என்கிறார். கடவுள் கோபித்துக்கொண்டால் பட்டா நிற்காது. பியூன் கோபித்துக்கொண்டால் நின்றுவிடும். மனிதனுக்கு எது உண்மையில் நம்பிக்கை, எது வாய்ப்பேச்சு என்பதை அவன் உபயோகிக்கும் மரியாதை வார்த்தையிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

நிற்க. பழைய காலத்தில் தராசுக்குச் சிரமமில்லை. ஆளின் உடுப்பே ஜாதியைச் சொல்லிவிடும். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, செருப்புப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. செட்டிநாட்டில் ஒரு கலியாண ஊர்வலத்தில் நாதசுர வித்துவான் தோளில் துண்டு போட்டிருந்ததற்காக, அதை எடுத்தால்தான் ஆயிற்று என்று சிலர் மல்லுக்கு நின்றதும், "எடுக்காதீர்கள், வாசியுங்கள்" என்று நம் இயக்கத் தோழர்கள் எதிர்த்து நின்றதும் பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கலாம். அந்த வித்துவானின் சங்கீதத்தில் யாருக்கும் தீட்டில்லை. வியர்வை துடைக்கிற துண்டில்தான் தீட்டு!

இப்போது அந்தச் சிரமம் வேறுவிதமாய் வந்திருக்கிறது. ஓசூரில் காலை ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, ஒரே மாதிரி பூட்ஸ், கழுத்தில் ஒரே மாதிரி அட்டை. பெயரிலும் வால் கிடையாது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போட்டுக் கொள்ளக் கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். மாநாட்டுத் தலைவர் சௌந்தரபாண்டியன் முதற்கொண்டு பலர் பட்டத்தை விட்டார்கள். இந்தியாவில் வேறு எந்த மாகாணத்திலும் இப்படிப் பெயரிலிருந்து வால் அறுந்து விழுந்ததில்லை. இது சின்னக் காரியமல்ல. ஆனால் ஒரு சங்கதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெயரிலிருந்து அறுந்த வால் நாக்குக்குள் போய்ச் சுருண்டுகொண்டது.

அதற்கு நாமே சாட்சி. சில மாதங்களுக்கு முன், லேத்தில் வேலை பார்க்கிற ஓர் இளந்தோழர் ஓசூரில் வீடு தேடினார். புதிதாய்க் கலியாணம் ஆனவர். துணைக்கு நாமும் போனோம். "வீடு வாடகைக்கு" என்று அட்டை தொங்குகிற ஒரு வீடு. வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அதில் சந்தேகமில்லை. "வாங்க தம்பி, உட்காருங்க" என்று நாற்காலியை அவரே துடைத்துப் போட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு பரீட்சை ஆரம்பமாயிற்று.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"தர்மபுரி பக்கமுங்க."

"தர்மபுரியில எங்க?"

தோழர் ஊர் பெயரைச் சொன்னார்.

"அந்த ஊரு நமக்கு நல்லாத் தெரியுமே! ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கந்தானுங்க."

"அப்பா என்ன பண்றாரு?"

"கூலி வேலைங்க."

மோர் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குலதெய்வம் எதுங்க?" என்றார்.

"நாங்க சாமி கும்பிடறதில்லீங்க."

"அது போகட்டும் தம்பி, இந்தக் காலத்துல அது அவங்கவங்க இஷ்டம். கும்பிட்ட காலத்துல எதைக் கும்பிட்டீங்க?"

தோழர்களே, ஜாதி என்ற வார்த்தை ஒரு தடவையாவது அவர் வாயில் வந்ததா? வரவில்லை. நாளைக்கு யாராவது கேட்டால், "நான் ஜாதி பார்க்கிறவனே இல்லை" என்று சத்தியம் செய்வார். பொய்ச் சத்தியமாகவும் இராது. பூகோளம் கேட்டார், தொழில் கேட்டார், தெய்வம் கேட்டார். அவ்வளவுதான். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சாமர்த்தியமாய்க் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்நாட்டில் எத்தனையோ விஞ்ஞானிகள் பிறந்திருப்பார்கள்.

முடிவு என்ன? "மனசுல வச்சுக்காதப்பா, மச்சினன் குடும்பம் வர்றதாச் சொல்லியிருக்கு. வேற எங்கயாவது பாரு" என்றார். கவனித்தீர்களா? "வாங்க தம்பி" என்று உள்ளே போனவர், "பாருப்பா" என்று வெளியே வந்தார். கால்மணி நேரத்தில் ஒரு மனிதனுடைய எடை இவ்வளவு குறைந்துபோயிற்று. அந்த அட்டை இரண்டு மாதம் வரையில் அங்கேயேதான் தொங்கிற்று. மச்சினனுக்கு என்ன தடங்கலோ தெரியவில்லை.

அத்தோழர் இன்னும் நான்கு வீடு பார்த்துவிட்டுக் கடைசியில் ஊருக்கு வெகு தூரம் தள்ளி ஓர் அறை பிடித்தார். ஷிப்டுக்கு நாலரை மணிக்கே எழுந்திருக்கிறார். அவர் மனைவி, "நாம என்ன தப்பா சொன்னோம்?" என்று நம்மைக் கேட்டது. நாம் முப்பது வருஷமாய்ப் பத்திரிகை படிக்கிறோம், இருபது வருஷமாய் மேடை ஏறுகிறோம். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒரு பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டுக்காரர் ஏறிப் போகிற மோட்டார் சைக்கிளில் ஏதாவது ஓர் உறுப்பு இந்தத் தோழர் கையால் கடைந்ததாக இருக்கலாம். அதன் மேல் உட்கார்ந்து போவதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பத்திரிகையில் கலியாண விளம்பரம் பார்த்திருப்பீர்கள். "ஜாதி தடையில்லை" என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குள் பொடி எழுத்தில் "எஸ்.சி., எஸ்.டி. தவிர" என்று போடுகிறவர்கள் உண்டு. தடையில்லை என்பதும் இவர்தான், தவிர என்பதும் இவர்தான். டீக்கடையிலும் அப்படியே. இரட்டைக் குவளை கூடாது என்று சட்டம் சொல்லிற்று. சில கடைக்காரர்கள் உடனே முற்போக்காய்ப் போய், சிலருக்கு மாத்திரம் காகிதக் குவளை வாங்கி வைத்தார்கள். கேட்டால் சுகாதாரமாம்!

இனி இந்த ஊருக்கு வருவோம். இந்த ஊரைத் தொரப்பள்ளி அக்ரகாரம் என்றே எழுதுகிற வழக்கம் இருக்கிறது. "காலனி" என்னும் சொல் இழிவின் அடையாளமாகிவிட்டபடியால் அரசாங்க ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பாருங்கள், ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் பாதி மோர் நின்றுபோகிறது; இன்னொரு தெருவின் பெயரைச் சொன்னால் மோருடன் காப்பியும் வருகிறது. இரண்டும் மண்ணும் கல்லும் சேர்ந்த தெருக்கள்தான்.

இந்த அக்ரகாரத்தில்தான் 1878-ல் ஆச்சாரியார், அதாவது இராஜாஜி, பிறந்தார். அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாய் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பார்க்க வேண்டியதுதான். அவருடைய தகப்பனார் இவ்வூர் முன்சீப். பிள்ளை ஓசூரில் படித்தார், பெங்களூரில் படித்தார், சென்னையில் சட்டம் படித்தார், சேலத்தில் பெரிய வக்கீலானார். 1937-ல் பிரதம மந்திரி, 1948-ல் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல். இந்தக் கிராமத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போவது லேசான தூரமல்ல. புத்தியும் உழைப்பும் இல்லாமல் அது முடியாது. அதை நாம் மறுக்கவில்லை.

அதே ஆச்சாரியார் 1952-ல் மறுபடி முதல் மந்திரியாகி, 1953-ல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போதும், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று நாம் எதிர்த்தது அதைத்தான். 1954-ல் அவர் பதவியை விட்டார். பிறகு வந்த காமராசர் அத்திட்டத்தையே கைவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். தொரப்பள்ளிக்காரர்களாகிய உங்களை நாம் கேட்க விரும்புவது ஒரு சின்னக் கேள்விதான். முன்சீப் மகன் அரை நாள் பள்ளிக்கூடம் போய்விட்டு, மீதி அரை நாள் தகப்பனாரின் வரிக்கணக்கைத் தூக்கிக்கொண்டு இந்த வயல் வரப்பில் நடந்து தொழில் பழகியிருந்தால், கவர்னர் ஜெனரல் மாளிகைக்கு எந்த வரப்பு வழியாய்ப் போயிருப்பார்?

அவர் ஜாதிப் பித்துப் பிடித்த சாமானிய வைதீகர் என்றால் இதில் ஆச்சரியமில்லை, விட்டுவிடலாம். ஆனால் 1933-ல் தம் மகளைக் காந்தியார் மகனுக்குக் கொடுத்தவர். பெண் ஐயங்கார், பிள்ளை வைசியர். அவ்விருவரையும் சில வருஷம் காத்திருக்கச் செய்து, அன்பு மாறவில்லை என்று கண்ட பிறகு இரண்டு தகப்பன்மாரும் சம்மதித்தார்கள். அந்தக் காலத்தில் அது துணிச்சலான காரியம். 1939-ல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புச் செய்ததும் அவர் மந்திரி சபைதான். ஆக, தம் வீட்டு வாசலில் ஜாதியை நிறுத்திக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு, ஊராருடைய பள்ளிக்கூட வாசலில் அது நின்றபோது அடையாளம் தெரியவில்லை! வண்ணான் மகனுக்கு வெள்ளாவி, நாவிதன் மகனுக்குக் கத்தி என்பது அவருக்கு அநியாயமாகப் படவில்லை, ஒழுங்காகப் பட்டது. மனித சுபாவத்தில் நமக்கு மிகவும் விசித்திரமாய்த் தோன்றுவது இதுதான். கெட்டவன் செய்கிற அநீதியை ஒருவாறு அடக்கிவிடலாம். நல்லவர், படித்தவர், எளிமையாய் வாழ்கிறவர், அவருக்கு அநீதி என்று தெரியாமலே செய்கிற அநீதி இருக்கிறதே, அதை அவருக்கே எடுத்துக் காட்டுவது பெரிய பாடு. மோர் கொண்டுவரச் சொன்ன வீட்டுக்காரரும் அந்த வகையைச் சேர்ந்தவர்தான்.

ஆச்சாரியாரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாமலிருப்பது யோக்கியமாகாது. பெரியாரும் அவரும் வாலிப காலத்திலிருந்து சிநேகிதர்கள். அரசியலில் வாழ்நாளெல்லாம் சண்டைக்காரர்கள். இந்தியிலே சண்டை, கல்வியிலே சண்டை, கடவுளிலே சண்டை. ஆனால் ஒருவர் மற்றவரைத் தாழ்த்திப் பேசித் தம்மை உயர்த்திக் கொண்டதில்லை. 1972 டிசம்பர் 25-ந் தேதி ஆச்சாரியார் இறந்தபோது பெரியாருக்கு வயது 93. நடக்க முடியாத அந்த நிலையில் இறுதிச் சடங்குக்குப் போய்ச் சிறு பிள்ளை மாதிரி அழுதார். தராசில்லாத மரியாதை என்று ஏதாவது உண்டானால் அது அந்த அழுகைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. சரியாக ஒரு வருஷத்திற்கு ஒரு நாள் முன்பாக, 1973 டிசம்பர் 24-ந் தேதி, பெரியாரும் போய்விட்டார்.

தாய்மார்கள் நிரம்ப வந்திருக்கிறீர்கள். உங்களைப் பற்றிப் பேசாமல் மரியாதையைப் பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்? கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்புகிற அம்மாள்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ரேஷன் கடையில் "குடும்பத் தலைவர் பேரு என்னம்மா?" என்றால், "அதான், பழனியில இருக்கிற சாமி பேரு" என்று விடுகதை போடுகிறார்கள். அப்படிப்பட்ட பெண், புருஷன் செத்துப் போகக் கூடாதே என்பதற்காக முருகனையும் பேர் சொல்லிக் கும்பிட முடிவதில்லை! ஆனால் அந்தப் புருஷன் இருக்கிறாரே, அவர் மனைவியின் பெயரைச் சொன்னால் அவள் ஆயுள் குறையுமோ என்று பயந்து பெயர் சொல்லாமல் இருப்பதில்லை. "ஏய்", "இந்தா", "அடியே" என்ற மூன்று பெயரே அவருக்குப் போதுமானதாய் இருக்கிறது.

இதைச் சொல்லுகிற நாம் எப்படி என்று கேட்கலாம். கேட்டாகிவிட்டது. ஒரு நாள் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய், "ஏய், சாப்பாடு போடு" என்றோம். நம் துணைவியார் தட்டை வைத்துவிட்டு, "மேடையில முன்ன பின்ன தெரியாதவங்களையெல்லாம் அவர்களே இவர்களேன்னு கூப்பிடறீங்க. இருபது வருஷமா என் பேரு ஏய்தானா?" என்று கேட்டார்கள். அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தோம். ஒரு வாரம் வரையில் அவர்கள் திரும்பியே பார்க்கவில்லை. யாரோ வேறு ஆள் வந்திருப்பதாக நினைத்துக் கொண்டார்களாம்! இப்போதும் அவசரத்தில் நாக்கு பழைய இடத்துக்கே போகிறது. அவர்கள் ஒரு பார்வை பார்க்கிறார்கள், திருத்திக் கொள்ளுகிறோம். நாற்பது வயதுக்கு மேல் படிக்கிற பாடமாதலால் தேறுவதற்குச் சற்று நாளாகும்.

நேரமாகிவிட்டது. ஓசூருக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய தோழர்கள் பலர் இருக்கிறார்கள். சந்தேகம் இருப்பவர்கள் சீட்டு எழுதி அனுப்பலாம் என்று தலைவர் முதலிலேயே சொன்னார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சீட்டு வந்து மேஜை மேல் கிடக்கிறது. படிக்கிறோம், கேளுங்கள்: "பேச்சாளர் அவர்களுக்குச் சொந்த ஊர் எது? அவர் என்ன ஆளு?"

எழுதிய நண்பர் "அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறார், அதற்கு வந்தனம். இந்தச் சீட்டைத் திருப்பி அனுப்புகிறோம். பின்பக்கம் வெறுமையாய்த்தான் இருக்கிறது. வேறு கேள்வி இருந்தால் அதில் எழுதி அனுப்பட்டும்.